களத்தில் மாடனுக்கு ஒரு மரக்கால்

தைப்பொங்கல் அன்று புளியறை வயல்களில் பெரும்பாலும் பச்சைதான் நிற்கும். கதிர் வாங்கி, பால் பிடித்து, முந்தி நட்ட வயல்களில் தலை சாயத் தொடங்கியிருக்கும். அவ்வளவுதான். எங்கள் பக்கம் பிசான அறுப்பு தை கடைசியில் தொடங்கி, மாசி முழுக்க ஓடி, பிந்தி நட்டவர்களுக்குப் பங்குனியையும் தொட்டுவிடும். அதனால் பொங்கப் பானையில் விழுகிற அரிசி புரட்டாசியில் அறுத்த கார் நெல்லாக இருக்கும், இல்லாவிட்டால் கடை அரிசியாக இருக்கும். சூரியனுக்கு வைக்கிற பொங்கல் அது, அதன் அருமை வேறு. ஆனால் உங்கள் ஊரின் அறுவடைத் திருநாள் எது என்று என்னைக் கேட்டால், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் போய் விழுகிற நாளையும், அதன் பின்னே வருகிற மாடன் கோயில் திருவிழாவான கொடையையும்தான் சொல்வேன்.

இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது. கொடை என்றதும் வெளியூர்க்காரர்களில் ஒரு கூட்டம் பில்லி, சூனியம், சுடுகாட்டுப் பூசை என்று மிரளும். இன்னொரு கூட்டம் போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்க வரும். சாமியாடி நடுச்சாமத்தில் மயானத்துக்குப் போவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அவர் கூடப் போகிற சோறு எந்த வயலில் விளைந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்கு அந்தச் சோறுதான் முக்கியம்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற சாலையில், மலை ஏறுவதற்கு முன்னால் இருக்கிறது புளியறை. பகவதிபுரம் ரயில் நிலையம் பக்கத்தில். எஸ் வளைவு ஏறித் திரும்பிப் பார்த்தால் கீழே மலையடிவாரம் வரைக்கும் வயல். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் அருவி கொட்டுகிறபோது இங்கே சாரல் விழுந்துகொண்டிருக்கும். அந்தத் தென்மேற்குப் பருவத் தண்ணியில்தான் கார் சாகுபடி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிசானம். இரண்டு மழையும் கிடைக்கிற மண் என்பதால் வருசத்தில் இரண்டு அறுப்பு, இரண்டு முறை களம் நிறைவது. அதை ஒட்டித்தான் சாமிகளின் கணக்கும்.

களம் இருந்த காலத்தில் அதுவே பாதிக் கோயில். சூடடித்து, பொலி தூற்றி, நெல்லைக் குவித்த பிறகு யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். குவியலின் உச்சியில் சாணிப் பிள்ளையார் வைத்து அருகம்புல் சொருகுவார்கள். சுற்றிலும் சாம்பலால் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. இரவில் காவல் இல்லாமல் குவியலை விட்டால் பூதம் வந்து அள்ளிக்கொண்டு போகும் என்பாள் எங்கள் ஆச்சி. அள்ளியது கண்ணுக்குத் தெரியாதாம், குவியல் அப்படியே இருக்குமாம், அளக்கும்போதுதான் குறையுமாம். அதனால் சாணியைக் கரைத்துக் குவியல்மேல் குறி போட்டுவைப்பார்கள்.

அளக்கிறவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்து முதல் மரக்காலை ‘லாபம்’ என்று சொல்லிப் போடுவார், ஒன்று என்று சொல்லமாட்டார். இருபத்தொரு மரக்கால் சேர்ந்தால் ஒரு கோட்டை. வீட்டுக்கு நெல் போவதற்கு முன்னாலேயே களத்தில் நின்று பங்கு பிரித்துவிடுவார்கள். அறுத்தவர்களுக்குக் கொத்து, ஊர்த் தொழிலாளிகளுக்குச் சுதந்திரம் என்கிற உரிமைப் பங்கு, பிறகு சாமிக்கு. மாடனுக்கு ஒரு மரக்கால் என்று தனியாக அளந்து ஒரு பெட்டியில் கொட்டி, கொடை வரைக்கும் அதைத் தொடாமல் வைத்திருந்த வீடுகள் உண்டு. வீட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தாலும் அந்தப் பெட்டியில் கை வைக்கமாட்டார்கள். அந்தப் பங்கு முறைக்குள் சாதியும் இருந்தது. யார் எங்கே நின்று எப்படிக் கை நீட்ட வேண்டும் என்கிற வழக்கமும் இருந்தது. அது திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விளைந்ததில் முதல் அளவு நமக்கு இல்லை என்கிற அந்த ஒரு நினைப்பு மட்டும் எனக்கு வேண்டும்.

மாடன்களின் பெயரைக் கவனித்தால் இவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று விளங்கும். புலமாடன் வயலில். கரையடி மாடன் குளத்தங்கரையில். சுடலைமாடன் சுடலையில். விதைப்பதில் தொடங்கி மண்ணுக்குள் போவது வரைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காவல். வில்லுப்பாட்டில் சுடலைமாடனின் கதை மலையாளக் கரைக்குப் போய் அங்கே பெரிய மந்திரவாதியான காளிப் பெரும்புலையனோடு மோதுவதாக வளரும். நாங்கள் அந்த மலையாளக் கரையின் வாசலில் குடியிருப்பவர்கள். கொஞ்சம் மேலே ஏறினால் கோட்டைவாசலில் கருப்பசாமி. லாரிக்காரர்கள் நிறுத்தி, திருநீறு பூசாமல் கணவாயைத் தாண்டமாட்டார்கள். அந்தப் பக்கம் இறங்கினால் ஆரியங்காவு சாஸ்தா, அப்பால் காட்டுக்குள் அச்சன்கோவில், இன்னும் போனால் குளத்துப்புழை.

பங்குனி உத்திரத்துக்குத் தென்மாவட்டமே குலசாமி சாஸ்தாவைத் தேடிப் போகும். சென்னையில் இருந்தாலும், வளைகுடாவில் இருந்தாலும், அந்த ஒரு நாளைக்கு எந்தக் குளத்தங்கரையில் தன் சாஸ்தா இருக்கிறாரோ அங்கே வந்து நின்றுவிடுவார்கள். ஏன் பங்குனி? புராணத்தில் காரணம் சொல்வார்கள், சாஸ்தா பிறந்த நாள் என்று. என் கண்ணுக்குத் தெரிகிற காரணம் வயலில் இருக்கிறது. பிசானம் அறுத்தாகிவிட்டது. களம் காய்ந்து கிடக்கிறது. வண்டி மாட்டுக்கு ஓய்வு. கையில் நெல் இருக்கிறது, காலில் சேறு இல்லை. ஒரு குடும்பம் மொத்தமும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதற்கு இதைவிடத் தோதான நாள் வருசத்தில் கிடையாது.

சாஸ்தா சைவம். அவருக்குச் சர்க்கரைப் பொங்கல், பழம், பூ. ஆனால் அவர் வாசலிலேயே சுற்றிலும் மாடன், கருப்பன், இசக்கி என்று ரத்தம் கேட்கிறவர்கள் நிற்கிறார்கள். கிடா வெட்டுகிற நேரம் வந்ததும் சாஸ்தா சன்னதிக்கு முன்னால் ஒரு திரையை இழுத்துவிடுவார்கள். வெட்டு முடிந்து தண்ணீர் தெளித்துக் கழுவின பிறகு திரை விலகும். சின்ன வயசில் அந்தத் திரையின் ஓரத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். உள்ளே விளக்கு, சாம்பிராணி. வெளியே ரத்தம் விழுந்த மண். ஒரே நெல், ஒரே குடும்பம், ஒரே கோயில். ஒருவர் பார்வையிலிருந்து மறைத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறார்கள், யாரையும் விட்டுவிடவில்லை. இந்த ஏற்பாட்டில் உள்ள நாகரிகம் எனக்கு இன்றைக்கும் பெரிசாகப் படுகிறது.

இனி கொடை. கால்நாட்டியதும் ஊர் விரதத்துக்குப் போய்விடும். அம்மன் கொடையாக இருந்தால் முளைப்பாரி போடுவார்கள். வளர்க்கிற பெண் விரதமிருந்து, மண்ணும் எருவும் கலந்து, நவதானியம் விதைத்து, ஓர் இருட்டறையில் மூடி வைப்பாள். வெயில் படாததால் பயிர் வெளிறிய மஞ்சளாக, நெடுநெடுவென்று, ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நிற்கும். கொடையன்று அதைத் தலையில் தூக்கி வரும்போது முளையின் உயரத்தைப் பார்த்தே வெள்ளாமை எப்படி என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். விதையின் தரம் பார்க்கிற சோதனையும் அதுதான், சாமியிடம் கேட்கிற குறியும் அதுதான். பழைய கிரேக்கத்தில் ஏதென்ஸ் நகரத்துப் பெண்கள் உடைந்த சட்டியில் கீரை விதையைச் சீக்கிரமாக முளைக்கவைத்து, அடோனிஸ் என்கிற மாண்டுபோன தெய்வத்துக்காக அழுது, தண்ணீரில் விட்டார்கள். நாங்கள் கும்மியடித்து ஆற்றில் விடுகிறோம்.

மாடன் கொடையில் இரவு ஏற ஏற ஊரின் முகம் மாறும். வில்லுப்பாட்டு ஒரு பக்கம். கணியான் கூத்து வைக்கிற கோயிலானால் மகுடம் இரண்டு ஒலிக்கும், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். வட்டமான சட்டத்தில் தோல் கட்டிய அந்தச் சின்ன வாத்தியத்திலிருந்து வருகிற ஒலி நெஞ்செலும்பில் வந்து முட்டும். கணியான் கூத்துக்காரர்கள்தான் மாடன் பிறந்த கதையை விடிய விடியப் பாடி அவனை எழுப்புகிறவர்கள். சில கோயில்களில் கணியான் தன் கையைக் கீறி ரத்தம் விடுவதும் உண்டு. பாட்டோடு சேர்த்துத் தன் ரத்தத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஊர் உரிய மரியாதை செய்யவில்லை என்பது என் தீராத வருத்தம். சம்பளத்தைப் பேரம் பேசுகிற கமிட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

சல்லடம் கட்டி, குல்லா வைத்து, ஒரு கையில் வல்லயமும் மறு கையில் கமுகம்பூவுமாகச் சாமியாடி இறங்குவார். எங்கள் கோயிலில் மாடன் ஆடுகிறவர் எனக்குப் பெரியப்பா முறை. மற்ற நாளில் வரப்பு வெட்டுகிற, டீக்கடையில் தினத்தந்தி படிக்கிற மனுசன். ஒரு தடவை கேட்டேன், அருள் வரும்போது என்னதான் தெரியும் என்று.

“ஒண்ணும் தெரியாதுய்யா. மொதல்ல கமுகம்பூ வாசம் வரும். அதுக்குப் பெறவு மகுடம் மட்டுந்தான் கேக்கும். அப்புறம் யாரோ தண்ணி குடுப்பாவ, விடிஞ்சிருக்கும்.”

“பயமா இருக்காதா பெரியப்பா?”

“பயம் எதுக்கு? நம்ம வீட்டு நெல்லத் திங்கத்தான வாரான்.”

நடுச்சாமத்தில் படப்பு. வாழையிலைகளை ஒன்றின்மேல் ஒன்று படியப் பரப்பி, வடித்த சோற்றை ஆவி பறக்க அப்படியே குவிப்பார்கள். களத்தில் குவித்த நெல்லின் அதே கூம்பு வடிவம். அதன்மேல் அவித்த முட்டை, கறி, முருங்கைக்கீரை. பக்கத்தில் சுருட்டு, சாராயம். எத்தனை வீட்டு அரிசி அதில் கலந்திருக்கிறதோ, குவித்த பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு சாமி வேட்டைக்குப் போகும். தெருவிளக்கை அணைத்துவிடுவார்கள். சன்னலைச் சாத்தி, குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். எதிரே யாரும் வரக்கூடாது. பந்த வெளிச்சம் ஒன்று மட்டும் சுடுகாட்டுப் பக்கம் போகும். அங்கே ரத்தம் கலந்த சோற்றுருண்டைகளை வானத்தை நோக்கி எறிவார்கள். திரளை என்று அதற்குப் பெயர். எறிந்தது கீழே விழாது என்பது நம்பிக்கை. போனவர்கள் அதைப் பற்றித் திரும்பி வந்து பேசுவதில்லை, நானும் இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

இது ஏதோ பின்னால் ஒட்டவந்த மூடப்பழக்கம் என்பவர்கள் திருமுருகாற்றுப்படையை ஒருமுறை எடுத்துப் படிக்கலாம். சிறுதினையைப் பூவோடு கலந்து வைத்து, ஆடு அறுத்து, கிடாயின் ரத்தத்தில் பிசைந்த வெள்ளரிசியைப் பலியாக இட்டு முருகனை அழைக்கிற மலைநாட்டு வழிபாடு அதில் வருகிறது. தானியமும் ரத்தமும் சேர்ந்து ஒரு கையில் உருண்டையாவது நம்மிடம் அவ்வளவு பழசு.

கணவாய்க்கு அந்தப் பக்கத்துக் கணக்கு வேறு. செங்கோட்டைப் பகுதி முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் எங்கள் வீடுகளில் சித்திரை விசுவுக்குக் கணி வைப்பது பழகிய வழக்கம். குற்றாலநாதர் கோயிலிலும் சித்திரை விசு, ஐப்பசி விசு என்று வருசத்தில் இரண்டு திருவிழா. பகலும் இரவும் சமமாகிற நாட்களுக்கான பழைய விழாக்கள் அவை. வானத்தில் அந்தச் சமநாள் இப்போது மார்ச், செப்டம்பர் மாதங்களின் மூன்றாம் வாரத்தை ஒட்டி வந்துவிட்டது, கோயில் மட்டும் பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

மலையாள நாட்டில் நிறைபுத்தரிசி என்று ஒன்று. ஆடி மாதம், அவர்களுக்குக் கர்க்கடகம், பஞ்ச மாசம். பெருமழை, வேலை இல்லை, பத்தாயம் காலி. அந்த மாதத்தில்தான் முதல் கதிரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசித்து, ஆளுக்கு நாலு கதிராக வாங்கிவந்து, மாவிலை, ஆலிலையோடு வீட்டு நிலையில் கட்டுவார்கள். சபரிமலை நிறைபுத்தரிசிக்கு அச்சன்கோவில் சாஸ்தா கோயிலிலிருந்து கதிர்க்கட்டு ஊர்வலமாகப் போகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில்களிலும் இது நடக்கும், அதுவும் பழைய திருவிதாங்கூர் மண்தானே. நாஞ்சில் நாட்டில் இரண்டு போகத்துக்குமே அறுக்கிற மாதத்தை வைத்துத்தான் பெயர், கன்னிப்பூ, கும்பப்பூ என்று. திருவனந்தபுரம் பத்மநாபசாமிக்குப் புத்தரிசி விளைந்த வயலுக்குப் புத்தரிக்கண்டம் என்று பெயர். இன்றைக்கு அது நகரத்தின் நடுவில் ஒரு மைதானம், கூட்டமும் கண்காட்சியும் நடக்கிற இடம். நெல் வேறு எங்கிருந்தோ வருகிறது.

அந்த மைதானத்தை நினைக்கும்போது எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வரும். அங்கே சூனியக்காரிச் சட்டத்தை 1951இல்தான் நீக்கினார்கள். 1954இல் ஜெரால்டு கார்ட்னர் என்பவர் ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ என்று புத்தகம் போட்டு, விக்கா என்கிற மறைவழிபாட்டை வெளியே கொண்டுவந்தார். அதைப் பின்பற்றுகிறவர்கள் வருசத்தை எட்டு விழாக்களாகச் சுற்றிவருகிறார்கள். அதில் அறுவடைக்கு மட்டுமே இரண்டு, மூன்று. ஆகஸ்ட் 1 லாமாஸ், புதுக் கோதுமை ரொட்டிக்கு. செப்டம்பர் சமநாளுக்கு மேபன், அந்தப் பெயரை 1970களில் எய்டன் கெல்லி என்கிற அமெரிக்கர் வைத்தார். இந்த எட்டு விழாச் சக்கரம் ஒரே கோர்வையாகப் பழங்காலத்திலிருந்து வந்தது இல்லை, இருபதாம் நூற்றாண்டில் சேர்த்துக் கட்டியது என்று வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன் விரிவாக எழுதியிருக்கிறார்.

இதைச் சொல்லி அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. லாமாஸ் ரொட்டி நிஜமாகவே பழசு. அந்த ரொட்டியை நாலாகப் பிய்த்துக் களஞ்சியத்தின் நாலு மூலையிலும் வைத்தால் தானியம் பத்திரமாக இருக்கும் என்று பழைய ஆங்கிலத்தில் ஒரு மந்திரக் குறிப்பு உண்டு. எங்கள் சாம்பல் கோடும் அந்த நாலு துண்டு ரொட்டியும் ஒரே பயத்திலிருந்து பிறந்தவை. அந்த வழக்கம் கை மாறி வருவது எங்கோ நின்றுபோய்விட்டது. அப்புறம் நகரத்துப் பிள்ளைகள், கோதுமை வயலையே பார்த்திராதவர்கள், நூலகத்தில் உட்கார்ந்து தேடித் தேடித் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். தேடியவர்களின் ஏக்கத்தை நான் மதிக்கிறேன். எங்கள் ஊரில் தேட வேண்டிய அவசியமே இன்னும் வரவில்லை, ஆனால் வருகிற பாதை எனக்குத் தெரிகிறது.

அறுப்பு மெஷின் வயலுக்குள் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் நெல் நேராக டிராக்டரில் விழுகிறது. அங்கிருந்து கொள்முதல் நிலையம், இல்லை வியாபாரி. களம் கிடையாது, குவியல் கிடையாது, எனவே சாணிப் பிள்ளையாரும் ‘லாபம்’ என்கிற குரலும் கிடையாது. மெஷினை நான் குறை சொல்லவில்லை. குனிந்து அறுத்து முதுகு போன பெண்களைப் பார்த்தவன் அதைச் சொல்ல முடியாது. கொடை நாளும் பள்ளிக்கூட லீவைப் பார்த்துக் குறிக்கப்படுகிறது. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் வர வேண்டுமே, அதுவும் நியாயம். தலைக்கட்டு வரி கூகுள் பேயில் வந்துவிடுகிறது. 1950ஆம் வருசத்துப் பலித் தடைச் சட்டத்தை 2003இல் அரசு கறாராக அமலாக்கியபோது பல கோயில்களில் படப்பே தடுமாறியது. 2004இல் சட்டத்தையே நீக்கினார்கள், கிடா திரும்பி வந்துவிட்டது. அரிசி திரும்பி வரவில்லை. அதை யாரும் தடை செய்யவில்லை, அதனால் யாரும் கேட்கவும் இல்லை. சிப்பம் சிப்பமாகக் கடையிலிருந்து வருகிற அரிசிதான் இப்போது பல ஊர்களில் மாடனின் படப்பு.

எங்கள் கோயில் கூட்டத்தில் இதை எழுப்பினபோது பெரியப்பாதான் முதலில் ஆமாம் என்றார். கோயிலை ஒட்டின வயலில் ஒரு துண்டை மெஷின் விடாமல் கையால் அறுப்பது, அந்த நெல்லைக் கோயில் முற்றத்திலேயே அடித்துக் குவிப்பது, சாம்பல் கோடு போட்டு அளப்பது, மாடன் பங்கை ஒரு பெட்டியில் தனியாக எடுத்துவைப்பது என்று பேசி முடிவானது. ஊர் முழுக்கப் படப்புக்கு அது காணாது. வீட்டுக்கு ஒரு படி தன் வயல் அரிசியோ, வயல் இல்லாதவர்கள் பக்கத்து வயலில் வாங்கின அரிசியோ கொண்டுவந்து கலக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். அளக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு பையன்கள் அவர்களிடம் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். மரக்கால் ஒன்று கிடைத்துவிட்டது, பழைய பித்தளைப் பூண் போட்டது, ஒரு வீட்டு மச்சில் கிடந்தது.

கொடை பார்க்க வரவேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வாருங்கள். செங்கோட்டையிலிருந்து பஸ் இருக்கிறது. வில்லுப்பாட்டையும் கூத்தையும் உட்கார்ந்து கேளுங்கள், சாமியாடியைப் படம் எடுக்கும் முன் கோயில்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேடிக்கைக்காகக் குறி கேட்காதீர்கள். வேட்டை கிளம்புகிறபோது வீட்டுக்குள் போகச் சொன்னால் போய்விடுங்கள். மறுநாள் காலை படப்புச் சோறு பிரிப்பார்கள், அதை வாங்காமல் பஸ் ஏறாதீர்கள். வரும்போது உங்கள் ஊர் வயலில் விளைந்த அரிசி ஒரு படி கொண்டுவந்தால் நல்லது, என்ன ரகமானாலும் சரி.